கவிதைத் தொகுப்பைப் பாட்டு நாடகமாக்குவது எப்படி? துலானி டேவிஸிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

காட்பாடி_கவிதை:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சியைச் சிப்பாய்களின் வீட்டுப் பெண்கள் சொல்வதுபோல் எழுதிய பன்னிரண்டு கவிதைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 சொல். மேடையில் வாசித்தால் நன்றாக எடுபடுகின்றன. இவற்றை 75 நிமிடப் பாட்டு நாடகமாக்க வேண்டும். நடிக்க ஏழு பேர்: நான்கு பெண்கள், மூன்று ஆண்கள். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை (கூத்தில் ஊதும் சிறு குழல்), தாளம் உண்டு. இரண்டு பெண்களுக்கு நம் பக்கத்துக் கூத்துப் பாட்டு தெரியும். மற்றவர்கள் கர்நாடக சங்கீதம் கற்றவர்கள்.

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் துலானி டேவிஸ் மேடைக் கவிதையில் தொடங்கி ஓபராவுக்கு (மேற்கத்திய இசை நாடகம்) எழுதப் போனவர் என்று தெரியும். அவர் அந்தத் தாவலை எப்படிச் செய்தார்? வாசிப்புக்கு எழுதிய கவிதைக்கு அப்படியே மெட்டுப் போட முடியுமா? எத்தனை சொல் தேவைப்படும்? மாதிரிக்கு ஒரு கவிதையின் தொடக்கம்:

தோல் தைத்த தொப்பியை
அவர் கையில் திணித்த அந்த நாளில்
எங்கள் அடுப்பில் எரிந்தது விறகு அல்ல,
எங்கள் வாயிலிருந்து பிடுங்கப்பட்ட பதில்.

நூலடுக்கு:

முதலில் துலானி டேவிஸ் வந்த வழி. அது தெரிந்தால் உங்கள் கேள்வியில் பாதி தீரும்.

1949ல் வர்ஜீனியா மாநிலம் ஹாம்ப்டனில் பிறந்தவர். பார்னார்ட் கல்லூரியில் படித்துவிட்டு சான் பிரான்சிஸ்கோவில் பத்திரிகை வேலை, கூடவே மேடைக் கவிதை. என்டோசாகே ஷாங்கே, ஜெசிக்கா ஹாகெடோர்ன் இருவரும் அவருடைய மேடைத் தோழிகள். ஏழு பெண்கள் இருபது கவிதைகளைப் பேசியும் ஆடியும் நடத்தும் ஷாங்கேயின் படைப்பு 1976ல் நியூயார்க்கின் பிராட்வே மேடை ஏறி 742 காட்சிகள் ஓடியது. 1977ல் ஷாங்கே, ஹாகெடோர்ன், டேவிஸ் மூவரும் நியூயார்க் பப்ளிக் தியேட்டரில் இசைக்குழுவோடு சேர்ந்து ஒரு கவிதை நிகழ்ச்சி நடத்தினார்கள். சிசில் டெய்லர், ஜோசப் ஜார்மன் போன்ற ஜாஸ் கலைஞர்களோடும் டேவிஸ் மேடை ஏறியிருக்கிறார். இசையைக் கேட்டு, இசையைப் பற்றி 1974 முதல் 1992 வரை அவர் எழுதிய கவிதைகள் 2020ல் தனி நூலாக வந்தன.

இதைக் கவனியுங்கள். 1986ல் அவர் எழுதிய ஓபரா மேடையேறியபோது, வாத்தியத்துக்குப் பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லிப் பழகிய பத்தாண்டுக்கும் மேற்பட்ட அனுபவம் அவருக்குப் பின்னால் இருந்தது. எந்த இடத்தில் வாயை மூடினால் சாக்ஸபோன் பேசும் என்பதைத் தனியறையில் உட்கார்ந்து எழுதிக் கற்க முடியாது. உங்கள் கவிஞரும் ஆர்மோனியக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துதான் திருத்த வேண்டும். எழுதி முடித்த தாளை இசையமைப்பாளரிடம் நீட்டிவிட்டு ஒதுங்கினால் கவிதை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் போகும்.

அந்த ஓபரா அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் வாழ்க்கை. மூன்று பேர் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். கதையமைப்பு கிறிஸ்டோபர் டேவிஸ், இசை ஆண்டனி டேவிஸ், பாடல் உரை துலானி. முதல் இருவர் சகோதரர்கள், துலானி அவர்களுடைய உறவுமுறைச் சகோதரி. 1985ல் பிலடெல்பியாவில் ஒரு வடிவம், 1986 செப்டம்பர் 28 அன்று நியூயார்க் சிட்டி ஓபராவில் முறையான அரங்கேற்றம். அதே நகரின் பெரிய அரங்கான மெட்ரோபாலிட்டன் ஓபராவுக்கு அது வந்து சேர 2023 நவம்பர் ஆயிற்று. 37 ஆண்டுகள்! அதன் அருமையை அங்கே உணர இவ்வளவு காலம் பிடித்தது வருத்தமான விஷயம்.

உங்கள் நாடகத்துக்கு நேரே உதவும் பாடம் அதன் முதல் காட்சியில் இருக்கிறது. 1931, லான்சிங் நகரம். மால்கமின் தந்தை செத்துப்போவதை மேடையில் காட்டுவதில்லை. தாய் லூயிஸ் காத்திருக்கிறாள், பயத்தைப் பாடுகிறாள், பிறகு செய்தி வருகிறது. வன்முறை வெளியே நடக்கிறது. மேடையில் இருப்பது காத்திருப்பு. கோட்டைக்குள் நடந்த சண்டையை ஏழு பேரை வைத்துக் காட்ட முயலாதீர்கள். உங்கள் பெண்கள் காத்திருந்தாலே போதும்.

இன்னொன்று, ஆள் கணக்கு. அந்த ஓபராவில் மால்கமின் தாயையும் மனைவி பெட்டியையும் ஒரே பாடகி பாடுகிறார். அவனைத் தெருவில் தவறான வழிக்கு இழுக்கும் ஸ்ட்ரீட், பின்னால் ஞானவழி காட்டும் எலைஜா முகம்மது, இருவரும் ஒரே பாடகர். ஆள் மிச்சமாகிறது, அதோடு அர்த்தமும் கூடுகிறது: மால்கமை வசப்படுத்தும் குரல் இரண்டு வேடத்தில் வந்தாலும் ஒரே குரல். படைக்கு ஆள் சேர்க்க வந்தவனையும் பின்னால் ஆணை வாசிக்கும் அதிகாரியையும் ஒருவரே செய்தால் உங்களுக்கும் இதே பலன் கிடைக்கும்.

டேவிஸ் ஓபராவோடு நிற்கவில்லை. வர்ஜீனியாவில் கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்கும் போராட்டத்தை வைத்து எழுதிய நாவல் 1992ல் வந்தது. அரீத்தா பிராங்க்ளின் இசைத்தட்டுத் தொகுப்புக்கு எழுதிய குறிப்புகளுக்காக, உடன் எழுதியவர்களோடு 1993ல் கிராமி இசை விருது பெற்றார். அந்தப் பிரிவில் அதைப் பெற்ற முதல் பெண் அவர். பின்னால் குடும்ப வரலாறும் ஆய்வு நூலும் எழுதி, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

பின்பாட்டு_ஆரணி:

சொல் கணக்குக்கு வருகிறேன். இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள்.

ஆதி தாளம், நடுத்தர வேகம். எட்டு அட்சரம் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று), ஏறக்குறைய 6 விநாடி. ஓர் ஆவர்த்தனத்துக்கு நாலைந்து சொல் கொண்ட ஓர் அடி. பாடுகிறவர் அந்த அடியை இரண்டு தரம் பாடுவார், பின்பாட்டு ஒரு தரம் வாங்கிப் பாடும். ஆக ஓர் அடிக்கு 18 விநாடி. நிமிடத்துக்கு மூன்று அடி, அதாவது 15 சொல்லுக்குள். விருத்தமானாலும் இதே கதைதான்: நாலடி விருத்தம் ஒன்றை ராகம் இழுத்துப் பாடினால் இரண்டிலிருந்து மூன்று நிமிடம் ஓடும், அதில் இருப்பது இருபது சொல்.

75 நிமிடத்தில் பாத்திரங்கள் மேடைக்கு வரும் வரவுக்கும் வாத்தியத்துக்கும் 15 போகட்டும், வசனத்துக்கு 15 போகட்டும். மிச்சம் 45 நிமிடப் பாட்டுக்கு 600, மிஞ்சினால் 650 சொல். உங்கள் கையில் இருப்பது 2400. நாலில் ஒரு பங்குதான் பாட்டாகும். வெட்டியதில் கொஞ்சத்தை வசனமாக வைத்துக்கொள்ளலாம். மற்றதை விட்டுவிடத்தான் வேண்டும்.

இப்போது உங்கள் கவிதை. வாசிக்க நன்றாக இருக்கிறது. பாடினால் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிடும்.

ஒன்று, "எரிந்தது விறகு அல்ல". கண்ணால் படிக்கிறவர் "அல்ல"வையும் சேர்த்தே பார்க்கிறார். காதால் கேட்கிறவருக்கு முதலில் விறகு எரிந்துவிடும். ஆறு விநாடி கழித்து "அல்ல" என்று சொன்னால் அந்த நெருப்பு அணையாது. எதிர்மறையில் வரும் உருவகத்தைப் பாட்டில் வைக்காதீர்கள்.

இரண்டு, அடி முடியும் இடம். "தொப்பியை", "நாளில்", "பதில்". "பதில்" இரண்டு எழுத்தும் குறில் ஓசை. இழுக்க இடமே இல்லை. இழுத்தால் "பதீல்" ஆகும். அடியின் கடைசிச் சொல்லில் ஒரு நெடிலாவது இருக்கட்டும், ஆ, ஏ, ஓ மூன்றும் நல்லது. க்கு, த்து, ட்டு என்று முடிந்தால் குரல் தொண்டையிலேயே நின்றுபோகும். உச்ச ஸ்தாயியில் இகரமும் உகரமும் போட்டால் கத்தல்தான் வரும்.

மூன்று, பெரும்பாலானவர் கவனிக்காதது. தமிழில் குறிலை இழுத்தால் சொல்லே மாறிவிடும். "மனம்" போய் "மானம்", "வனம்" போய் "வானம்", "படம்" போய் "பாடம்". மெட்டு முதலில் வந்து அதில் சொல்லைத் திணிக்கும்போது இது நடக்கும். நம் இலக்கணத்தில் அளபெடை என்று தனியாகச் சொல்லி வைத்ததன் நியாயம் பாடும்போது புரியும். நீட்ட வேண்டியது நெடில், குறில் தாளத்தோடு ஓட வேண்டியது. சொல்லைப் பிரிக்கும் இடத்தையும் பாருங்கள். "பலகை"யில் நடுவே மூச்சு வாங்கினால் "பல கை".

மேலே உள்ள நாலு வரியை இப்படி ஆக்கிப் பார்க்கலாம்:

தோலைத் தலையில் வைக்கச் சொன்னார் – கண்ணே
தாடி மீசை வழிக்கச் சொன்னார்
கேள்வி ஒன்று கேட்கப் போனேன் – கண்ணே
வாயை மூடி வாழச் சொன்னார்

கவிதை மெலிந்துபோனதுபோல் தெரியும். தாளில் அப்படித்தான் தெரியும். "சொன்னார்" என்று மூன்று தரம் விழுகிறது, மூன்றாவது அடியில் மட்டும் "போனேன்". அந்த ஒரு மாற்றத்தில்தான் அவள் நிற்கிறாள். பின்பாட்டுக்காரர் "சொன்னார்" மட்டும் வாங்கிப் பாடினால் ஊரே சொல்வதுபோல் இருக்கும். எடுத்துவிட்ட "பிடுங்கப்பட்ட பதில்" நல்ல வரி. அதைப் பாட்டு முடிந்த பிறகு வாத்தியம் இல்லாமல் வசனமாகச் சொல்ல வையுங்கள்.

கோட்டை_அகழி:

நூலடுக்கு சொன்னதில் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். மால்கம் எக்ஸ் ஓபராவைவிட உங்களுக்கு நெருக்கமானது டேவிஸின் அடுத்த பெரிய ஓபரா, 'அமிஸ்டாட்'. இசை அதே ஆண்டனி டேவிஸ். 1997 நவம்பர் 29, சிகாகோ லிரிக் ஓபராவில் முதல் காட்சி. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான திரைப்படம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். 2008ல் சார்ல்ஸ்டனில் ஸ்போலேட்டோ விழாவுக்காக அதைத் திருத்தி எழுதினார்கள்.

1839ல் அமிஸ்டாட் என்ற அடிமைக் கப்பலைக் கைப்பற்றிய மேற்கு ஆப்பிரிக்க மெண்டே மக்களின் கதை. 1841ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நீதிமன்றத்தில் இரு தரப்பும் பேசுவதை மட்டும் எழுதியிருந்தால் அது வழக்கு விவரமாகப் போயிருக்கும். டேவிஸ் அதில் ஆப்பிரிக்க மரபின் தந்திரக் கடவுளை ஒரு பாத்திரமாக வைத்தார். நீர்த் தெய்வமும் ஒரு பாத்திரம். தந்திரக் கடவுள் இந்தப் பக்கமும் போவான், அந்தப் பக்கமும் போவான், பார்ப்பவரோடும் பேசுவான்.

இதைப் படிக்கும்போது வட ஆர்க்காட்டுக்காரர் எவருக்கும் கூத்தில் வரும் கட்டியக்காரன் நினைவு வராமல் இருக்காது. ராஜா வருகையைக் கட்டியம் கூறுகிறவன், ராஜாவையே கேள்வி கேட்கிறவன், நேற்று நடந்ததையும் புராணத்தையும் ஒரே வாயால் சொல்கிறவன். 1805 நவம்பரில் வந்த உடை ஆணையை அவனே கட்டியமாகக் கூறட்டும்: நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகை. அதிகாரி வேடம் போட ஒருவர் குறைவார், ஆணை ஜனங்களின் காதுக்கு நேரே போகும்.

ஆனால் எல்லை வேண்டும். புரட்சி அடக்கப்பட்ட பிறகு அவன் நகைச்சுவை செய்யக் கூடாது. ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்ந்த கணத்திலிருந்து அவனுக்குப் பாட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை. பெண்கள் தேடி வரும்போது இறந்தவர்களின் பெயர்களை மட்டும் சொல்லட்டும்.

நாடகத்தைத் தொடங்க ஜூலை 9 இரவு நல்ல இடம். கோட்டைக்குள் சிறை வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பத்தில் அன்று ஒரு மகளுக்குத் திருமணம். விடிவதற்குள், 10ஆம் தேதி அதிகாலையில், துப்பாக்கி வெடித்தது. கல்யாண மேளத்தின் தாளத்தையே மெல்ல மெல்லச் சண்டைத் தாளமாக மாற்ற மிருதங்கக்காரருக்கு மூன்று நிமிடம் சும்மா விடுங்கள். ஒரு சொல்கூட வேண்டாம்.

காட்பாடி_கவிதை:

மூவருக்கும் நன்றி. 650 சொல் என்றதும் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் மறுக்க முடியவில்லை. இரண்டு கேள்வி மிச்சம். கூத்துப் பாடும் பெண்கள் உச்சக் குரலில் பாடுகிறார்கள், ஆண்கள் மூவரும் 1 கட்டைச் சுருதிக்காரர்கள். ஒரே மேடையில் எப்படிச் சேர்ப்பது? வரிகளின் உரிமை கவிஞருக்கா, இசையமைப்பாளருக்கா?

சுருதிப்பெட்டி:

சுருதியை முகவீணையிலிருந்து தொடங்குங்கள். துளை போட்ட வாத்தியம், அதன் சுருதி நகராது. அதற்கு எந்தக் கட்டை பொருந்துகிறதோ அங்கே ஆர்மோனியத்தைப் பிடித்து, பெண்கள் பாடிப் பார்க்கட்டும். 5 கட்டை அமைந்தால் உங்களுக்கு வேலை சுலபம். 5 கட்டையின் மத்தியமம் (ம ஸ்வரம்) 1 கட்டை. ஆண்கள் பாட வரும்போது மத்தியமச் சுருதியில் பாடினால் அவர்களுடைய சொந்தக் கட்டையிலேயே நிற்பார்கள். மிருதங்கத்தை மாற்ற வேண்டாம். 5 கட்டைக்குச் சேர்த்த வலந்தலை (மிருதங்கத்தின் வலப்பக்கம்) ஆண்களுக்குப் பஞ்சமமாகப் பேசும், உறுத்தாது.

தப்பு நடக்கும் இடம் சுருதிப்பெட்டி. ஸ-ப என்று வைத்ததை மறந்து அப்படியே விட்டால், பெண்களின் பஞ்சமம் ஆண்களுக்கு ரிஷபமாக ஒலித்துக்கொண்டே இருக்கும். பாடுகிறவர் தன் குரலில்தான் கோளாறு என்று நினைத்துத் தடுமாறுவார். அந்த இடங்களில் பஞ்சமத்தை மூடிவிட்டு மத்தியமத்தைத் திறக்க ஒருவரைப் பொறுப்பாக உட்கார வையுங்கள். பிரதியில் அந்த அடிகளுக்கு நேரே சிவப்பு மையில் "ம" என்று குறித்துக்கொடுங்கள்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் இடங்களைக் குறையுங்கள். இரண்டு இடம் போதும். மற்றவை கேள்வி பதிலாக இருக்கட்டும்.

உரிமை பற்றி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் (1957) வரிகள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு. இசைப் படைப்பு என்பதில் சொற்கள் சேராது. ஆகவே வரிகள் கவிஞருடையவை, மெட்டு இசையமைத்தவருடையது. யாருக்காவது எழுதிக் கொடுத்தால் இது மாறும். ஒத்திகைக்கு முன்பே ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: கவிஞர் கவிதைகளை மூல வடிவில் தனியாக நூலாக்கலாம். மேடைக்காக மாற்றிய வரிகளை மறுபடி மாற்றக் கவிஞரைக் கேட்க வேண்டும். மறுமேடையேற்றத்தில் வரும் பணத்தில் யாருக்கு எவ்வளவு. ஒத்திகையில் பாடகர் ஒரு சொல்லை மாற்றிப் பாடி அதுவே நிலைத்துவிடுவது எங்கும் நடப்பதுதான். அதனால் இரண்டாவது விஷயம் முக்கியம்.

கோட்டை_அகழி:

இடம் பற்றி ஒரு வார்த்தை. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, உள்ளே நிகழ்ச்சி என்றால் அவர்களுடைய அனுமதி தனியாக வாங்க வேண்டும். வெளியே எங்கே திறந்தவெளியில் வைத்தாலும் ஒலிபெருக்கி இரவு 10க்கு நிற்க வேண்டும். ஊர்க்கூத்துபோல் பத்து மணிக்கு மேல் தொடங்க முடியாது. 7 மணிக்குத் தொடங்குங்கள், முன்னால் வரும் வரவேற்புரைகளை இரண்டாகக் குறையுங்கள். பேச்சு நீண்டுபோய் கடைசி இருபது நிமிடத்தை வேகமாக ஓட்டினால் முதலில் அடிபடுவது அந்தப் பெயர் சொல்லும் காட்சிதான்.

பின்பாட்டு_ஆரணி:

வெட்டும் வேலைக்கு ஒரு முறை. பன்னிரண்டு கவிதையையும் ஒருவர் நிதானமாக வாசிக்க, கையில் தாள் இல்லாத ஐந்து பேர் கேட்கட்டும். ஒரு நாள் கழித்து, நினைவில் நின்ற வரியை மட்டும் அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னாலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவர்கள் தப்பாகச் சொல்லும் வடிவம் வாய்க்கு எளிதாக இருக்கும். அந்த வரிகளைப் பல்லவியாக வைத்துக்கொண்டு மற்றதைச் சுற்றிக் கட்டுங்கள். முதல் கவிதையை முடித்ததும் இங்கே போடுங்கள், அடி அடியாகப் பாடிப் பார்த்துச் சொல்கிறேன்.

காட்பாடி_கவிதை:

அப்படியே செய்கிறோம் அண்ணா. தோல் தொப்பிப் பாட்டுக்கு ஆதி தாளத்துக்குப் பதில் ரூபகம் எடுக்குமா?

பின்பாட்டு_ஆரணி:

எடுக்கும், ஆனால் "கண்ணே"வை எடுத்துவிட வேண்டியிருக்கும். ஆறு அட்சரத்தில் அதற்கு இடம் இல்லை. தாலாட்டுச் சாயல் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ஆதியிலேயே வையுங்கள்.